பருந்து பார்ப்பவள் மீது ஒரு பிராது

மார்கழிக் கடைசித் திங்கட்கிழமை, கொளஞ்சியம்மாள் மீது கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டப்பட்டது. கட்டியவள் அவளுடைய நாத்தனார் அமுதவள்ளி. மறைத்துச் செய்யவில்லை. சாயங்காலம் ஆலை விட்டு வந்தவளுக்கு டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

போலீசில் சொல்ல முடியாத, கோர்ட்டில் நிற்காத வழக்கை எல்லாம் ஜனங்கள் ஒரு தாளில் எழுதி மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பரிடம் எடுத்துப் போவார்கள். எதிராளியின் பேர், ஊர், செய்த குற்றம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். சாமி காலடியில் வைத்து வாங்கி, எதிராளியைத் தேடிப் போகும் காவல்சாமி முனியப்பருக்கு முன்னால் கட்டி, அவருடைய வழிச்செலவுக்குக் கிலோமீட்டர் கணக்கில் காசும் செலுத்திவிட்டு வருவார்கள். தொண்ணூறு நாளில் தீர்ப்பு வரும் என்பது நம்பிக்கை. தீர்ந்த பிறகு மறக்காமல் போய், வழக்கு முடிந்தது என்று ராஜினாமா எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வழக்கு நின்றுகொண்டே இருக்கும்.

"என்னான்னு எழுதினீங்க அண்ணி?" என்று கேட்டாள் கொளஞ்சியம்மாள்.

"உள்ளத எழுதினேன். என் தம்பி பொண்டாட்டி ஞாயித்துக்கெழமையானா வூட்ட வுட்டுட்டுப் பரங்கிப்பேட்ட கடலோரம் போயி பருந்து பாக்குது. அத நீதான் நிறுத்திக் குடுக்கணும்னு."

"போட்டோ புடிக்கறத வுட்டுட்டீங்களே."

"அதயும்தான் எழுதியிருக்குது."

"வழிச்செலவுக்கு எத்தினி கிலோமீட்டர்னு கேட்டிருப்பாங்களே. நம்ப வூட்டுக்குக் கட்டினீங்களா, பரங்கிப்பேட்டைக்கா?"

அமுதவள்ளி சிரிக்கவில்லை. "நக்கல் பண்ணாத கொளஞ்சி. முனியப்பரு வருவாரு."

"வரட்டும். ஞாயித்துக்கெழமயா பாத்து வந்தாருன்னா நான் வூட்ல இருக்கமாட்டேன். அத மட்டும் சொல்லி வச்சிடுங்க."

டீயைக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். அந்தச் சாமிக்கு வேண்டிக்கொண்ட பிறகு பிறந்ததால்தான் அவளுக்கு அந்தப் பேர். பயம் இல்லை என்று சொல்ல முடியாது. சிறுவயதிலிருந்து கேட்ட கதைகள் ஒரு தம்ளர் டீயில் கரைந்துவிடாது. ஆனால் பயம் இருக்கிறது என்பதற்காக ஒரு காரியத்தைத் தப்பு என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அவளுக்கு விளங்கவில்லை.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பீங்கான் பியூஸ் கட்டை செய்யும் சிறிய ஆலை ஒன்றில் பத்தொன்பது வருஷமாகச் சரிபார்ப்பு வேலை. சூளையிலிருந்து வரும் கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, சின்ன மரக்குச்சியால் ஒரு தட்டுத் தட்டுவாள். நல்லது மணிபோல் ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் செத்துக் கேட்கும். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று ஆலையில் சொல்வார்கள். அது மிகை. மாதத்துக்கு நாலைந்து தப்பும். தப்பியது எது என்று தெரிந்தால் அதை எடுத்துக்கொண்டுவந்து எங்கே கோட்டைவிட்டோம் என்று பார்ப்பாள். மற்றவர்களிடம் இல்லாத குணம் அது ஒன்றுதான்.

பருந்து வந்தது நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு மாசி மகத்தன்று. ஆலைப் பெண்கள் வேன் பிடித்துக் கடலுக்குப் போனார்கள். குளித்துக் கரையேறும்போது தலைக்கு மேல் ஒரு செம்பருந்து வட்டமடித்தது. கருடன், கருடன் என்று எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார்கள். கொளஞ்சியம்மாள் மூடவில்லை. அது சடாரென்று இறங்கி, அலையோரம் கிடந்த மீன் குடலைக் காலால் வாரிக்கொண்டு மேலே போனது. எங்கும் உட்காரவில்லை. பறந்துகொண்டே காலை முன்னுக்கு நீட்டி, தலையைக் குனிந்து, காலில் இருந்ததைப் பிய்த்துத் தின்றது. இறக்கை ஒரு தடவைகூட அசையவில்லை. மற்றவர்கள் கண்ணைத் திறந்தபோது அது சவுக்குத் தோப்புக்கு மேலே போய்விட்டிருந்தது. கும்பிட்டவர்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை என்பது வேன் ஏறிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அடுத்த ஞாயிறு தனியாகப் போனாள். கல்யாண வீடியோ எடுக்கும் ராபர்ட் புதுக் கேமரா வாங்கியபோது, பழையதை ஒரு நீள லென்சோடு அவளுக்குத் தள்ளிவிட்டான். பொத்தான்களைப் பற்றி அவன் சொன்னதில் பாதி புரியவில்லை. புரியாததைக் கெடுத்துக் கெடுத்துத் தெரிந்துகொண்டாள்.

அவளுடைய படங்களைப் பற்றி உள்ளபடி சொன்னால், பாதிக்கு மேல் மங்கல். மீதியில் பாதி, பறவை முதுகைக் காட்டிக்கொண்டு போகிற படம். ஆனால் எதையும் அவள் அழிப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் பேர் எழுதி வைப்பாள். முதல் வருஷம் கரும்பருந்தை எல்லாம் கழுகு என்று எழுதியிருந்தாள். இரண்டாம் வருஷம் அவற்றைத் தேடித் தேடி அடித்துத் திருத்தினாள். வாலைப் பார்க்க வேண்டும் என்பது அப்போது கற்றது. கரும்பருந்துக்கு வால் நடுவில் வெட்டியிருக்கும். செம்பருந்துக்கு உருண்டிருக்கும், தலையும் மாரும் வெள்ளை.

பரங்கிப்பேட்டைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். விருத்தாசலத்து மணிமுத்தாறு வெள்ளாற்றில் சேர்ந்து, அந்த வெள்ளாறு கடலில் விழும் இடம் அது. முகத்துவாரத்துச் சேற்றில் வலை கட்டுவதற்கு அடித்த பழைய கம்புகள் நிற்கும். மூன்று வருஷமாக, மழைக்காலம் தொடங்கும்போது ஒரு விராலடிப்பான் வந்து கடைசிக் கம்பில் உட்காரும். கண்ணை வெட்டிக்கொண்டு போகும் ஒரு கறுப்புப் பட்டை. வயிறு வெளுத்த வேட்டி நிறம். மற்றப் பருந்துகள்போலக் கழிவு பொறுக்காது. உயரத்தில் ஒரே இடத்தில் இறக்கை அடித்து நின்று, காலை முன்னால் நீட்டி விழும். தண்ணீர் வெடிக்கும். பல தடவை வெறுங்காலோடுதான் எழும். மீன் சிக்கினால் அதன் தலை முன்னால் இருக்கும்படி காற்றிலேயே திருப்பிப் பிடித்துக்கொண்டு போகும். அந்தத் திருப்பலைப் படமெடுக்க அவள் இரண்டு குளிர்காலம் உட்கார்ந்திருந்தாள். கிடைத்த படத்தில் இறக்கை கலங்கிப்போயிருக்கிறது. கண் மட்டும் கூர்மையாக விழுந்திருக்கிறது. நல்ல படம் என்று தயங்காமல் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

அங்கே கருப்பன் என்று ஒரு மீன்காரர், படகோரம் வலை கோத்துக்கொண்டிருப்பார். அவளுக்குப் பருந்தக்கா என்று பேர் வைத்தவர் அவர்.

"ஏன் பருந்தக்கா, இவ்ளோ தூரம் வந்து அது திங்கறத பாக்கறதுக்கு, நாலு மீன வாங்கி நீ தின்னா ஆவாதா?"

"நான் தின்னா யாரு பாக்கறது?"

இதற்கெல்லாம் வீட்டில் முணுமுணுப்பு இருந்ததே தவிர, சண்டை இருந்ததில்லை. புருஷன் திருமால் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஸ்ரீமுஷ்ணம் வழித்தடம். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கும் டியூட்டிதான். அமுதவள்ளி அவனுடைய அக்கா, புருஷன் செத்துப் பன்னிரண்டு வருஷமாக இவர்களோடு இருப்பவள். சமையற்கட்டு அவளுடையது. பிராது வரைக்கும் விஷயம் போனது கார்த்திகையில், சொந்தக்காரர்கள் இருக்கும் நல்லூரில் நடந்த ஒரு காதுகுத்துக்குப் பிறகு. திருமாலின் சித்தி மகளுடைய பிள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் முறையில் சீர்த்தட்டு கொண்டுபோக வேண்டியவர்கள் திருமாலும் அவன் மனைவியும். அது ஞாயிற்றுக்கிழமை. முந்தின வாரம்தான் விராலடிப்பான் வந்திறங்கியிருந்தது. கொளஞ்சியம்மாள் சீருக்கு வேண்டியதை எல்லாம் வாங்கி அடுக்கி வைத்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்று பஸ் ஏறிவிட்டாள். திரும்பி வந்தபோது அமுதவள்ளி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தான் வராததற்குக் கோபம் என்று கொளஞ்சியம்மாள் நினைத்துக்கொண்டாள்.

தை மாதம் முழுக்க ஒரு ஞாயிறு விடாமல் போனாள். ஒன்றும் நடக்கவில்லை. மாசியில் நடந்தது. திருமால் மங்கலம்பேட்டைக்குப் போய்த் திரும்பும்போது மொபெட் சாலையோரப் பள்ளத்தில் இறங்கி, வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்தது.

தெருவுக்கு இதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. ஆலையில் பக்கத்துப் பெஞ்சில் உட்காரும் பாஞ்சாலை, தட்டிக்கொண்டிருந்த கட்டையைக் கீழே வைத்துவிட்டே சொன்னாள்.

"மொதல்ல காலு. அடுத்தது என்னா போவுமோ. வுட்டுத் தொலையேண்டி."

"பிராது என்மேல. அவரு கால எதுக்கு ஒடைக்கறாரு முனியப்பரு? வெலாசம் தெரியலியா?"

"பொண்டாட்டிய அடக்காதவன் காலு. சரியாத்தான் ஒடைச்சிருக்காரு."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. கொளஞ்சியம்மாளும் சிரித்தாள். ஆனால் அன்று இரண்டு விரிசலைத் தவறவிட்டாள்.

இரண்டு ஞாயிறு அவள் கடலுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் புருஷனுக்குப் பக்கத்தில் இருந்தாள். போக மனமும் இல்லை. அதைப் பிராதுக்குப் பணிந்ததாகத் தெரு வைத்துக்கொண்டது. மூன்றாம் ஞாயிறு, கட்டுப் போட்ட காலோடு அவனை வீட்டுக் கட்டிலில் படுக்கவைத்துக் கஞ்சி கொடுத்துவிட்டுப் பையை எடுத்தாள். அமுதவள்ளி வாசலில் நின்று, தெருவுக்குக் கேட்கும்படி, "போம்மா, போ. இன்னொரு காலு இருக்குது" என்றாள். அவள் போய்விட்டு வந்தாள். அன்று எடுத்த படங்கள் ஒன்றுகூடத் தேறவில்லை.

பங்குனியில் ஒரு மத்தியானம், அமுதவள்ளி ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம், திருமால் அவளைக் கூப்பிட்டான்.

"ஒண்ணு சொல்லணும். அக்காகிட்ட சொல்லிடாத."

"சொல்லுங்க."

"வண்டி சறுக்கல. மேல ஒண்ணு சுத்திக்கினு இருந்துச்சி. தல வெள்ளையா இருந்த மாதிரி தெரிஞ்சிது. கருடனா, கரும்பருந்தான்னு வாலப் பாத்தேன். நீதான சொல்லுவ, வாலப் பாக்கணும்னு."

"பாத்தீங்களா?"

"பாக்கறதுக்குள்ள பள்ளம் வந்துடுச்சி."

பிராது வேலை செய்தது என்று யாராவது சொன்னால் அதற்கு அவளிடம் பதில் இருந்தது. இது வேறு. ஒரு மனிதனுக்கு மேலே பார்க்கக் கற்றுக்கொடுத்தவள் கீழே உள்ள பள்ளத்துக்கும் பொறுப்பா என்ற கேள்வியை அவள் வெகுநேரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முழுக்க இல்லை, கொஞ்சம் உண்டு என்றுதான் பட்டது. அந்தக் கொஞ்சத்தை அவள் மறுக்கவில்லை.

"இன்னொண்ணும் இருக்குது" என்றான் திருமால். கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நல்லூர்ல நீ இல்லாததனால அக்கா தட்டத் தூக்கிக்கினு வந்துச்சி. பந்தல்ல நொழையறப்ப புள்ளயோட அத்தக்காரி வந்து தட்டப் புடுங்கிக்கினா. தாலியறுத்தவ கையால வந்த சீர எம்புள்ளைக்கு எடுக்கணுமான்னு கேட்டா. அம்பது பேரு இருந்தாங்க."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"பக்கத்துலதான் நின்னேன்."



தொண்ணூறாவது நாள் பங்குனிக் கடைசி ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுந்தது. அதற்கு முந்தின இரண்டு ஞாயிறும் கம்பு காலியாக இருந்தது. வெயில் ஏறியதும் விராலடிப்பான் வடக்கே போய்விடும். இனி மழைக்காலத்தில்தான் வரும். இதை அவளே வீட்டில் சொல்லியிருந்தாள்.

அன்று விடியலில் அவள் தண்ணீர் பாட்டிலை நிரப்பும்போது அமுதவள்ளி பக்கத்தில் வந்து நின்றாள். குரல் தணிந்திருந்தது.

"இன்னிக்கு ஒரு நாளு வூட்ல இரு கொளஞ்சி. ஒரே ஒரு நாளு. நாளைக்கு நானே போயி ராஜினாமா எழுதிக் குடுத்துடறேன். அப்பறம் நீ எந்த ஞாயித்துக்கெழம வேணும்னாலும் போ. நான் வாயத் தொறந்தா கேளு."

கட்டிலிலிருந்து திருமால், "நல்லாத்தான சொல்லுது அக்கா. பறவயும் போயிடுச்சின்னு நீயே சொன்ன" என்றான்.

சொன்னது உண்மைதான். அங்கே போனால் பார்க்க ஒன்றும் இருக்காது. இங்கே இருந்தால் ஒன்றும் போகாது. கொடுப்பது ஒரு வெறும் நாள். வாங்குவது மிச்ச ஆயுளின் ஞாயிற்றுக்கிழமைகள். புத்தியுள்ள யாரும் இதற்குச் சரி என்பார்கள். அவள் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே யோசித்தாள். விலை குறைவாக இருக்கிறது என்பதால் ஒரு பொய் உண்மையாகிவிடுமா? விராலடிப்பான் அங்கே இருந்திருந்தால், பறவைக்காகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு போயிருப்பாள். அது இல்லாத நாளில்தான், போவது தன் இஷ்டமா, பிறர் கொடுக்கும் சலுகையா என்பது தெரியப்போகிறது.

"ஒரு நாளுதான் அண்ணி. ஆனா அந்த ஒரு நாள எடுத்துக்கினு போயி சாமி முன்னால என்னான்னு எழுதுவீங்க? எதிராளி அடங்கிட்டா, வழக்கு தீந்துதுன்னு எழுதுவீங்க. நான் தப்பு பண்ணேன்னு ஆயிடும். நான் பண்ணல."

"பண்ணல. புருஷன் கால ஒடைச்சிக்கினு கெடக்கறான், நீ பண்ணல."

"நல்லூர் தட்டு விஷயம் எனக்குத் தெரியும்."

அமுதவள்ளி தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் போர்வையை நெஞ்சுவரை இழுத்துக்கொண்டான்.

"அது நான் தூக்க வேண்டிய தட்டு" என்றாள் கொளஞ்சியம்மாள். "நான் வந்திருந்தா உங்க கைக்கு வந்திருக்காது. அதுக்கு உங்ககிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன். நூறு தடவ கேக்கறேன். ஆனா உங்க கையிலேருந்து புடுங்கினது பருந்து இல்ல. புடுங்கினவ மேல நீங்க பிராது கட்டல. பாத்துக்கினு நின்னவங்க மேல கட்டல. அவங்கள்லாம் பந்தியில ஒக்காந்து சாப்பிட்டுட்டுப் போயிட்டாங்க. அங்க இல்லாதவ மேல கட்டியிருக்கீங்க, ஏன்னா நான் வூட்லயே கெடைக்கறேன்."

கொளஞ்சியம்மாள் பாட்டிலைப் பைக்குள் வைத்தாள்.

"அவ மேல கட்டுங்க. நானும் கூட வரேன். திங்கக்கெழம வரேன். ஞாயித்துக்கெழம வரமாட்டேன். போயிட்டு வரேன்."

புவனகிரியில் பஸ் மாறும்போது இறங்கித் திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றவில்லை என்று அவள் பின்னால் யாரிடமும் சொன்னதில்லை. அடுத்த பஸ் வந்ததும் ஏறிக்கொண்டாள்.

முகத்துவாரத்தில் ஏற்ற நீர் வடிந்து சேறு தெரிந்தது. கம்பில் ஒன்றும் இல்லை. கருப்பன் தலையில் துண்டோடு படகு நிழலில் உட்கார்ந்திருந்தார்.

"அது போயிடுச்சி பருந்தக்கா. நான் பாத்தே பதினஞ்சி நாளாவுது."

"தெரியும்."

"தெரிஞ்சா பஸ்ஸுக்குக் குடுத்துட்டு எதுக்கு வந்த?"

"வரக்கூடாதுன்னாங்க."

கருப்பன் அதை யோசித்தார். பிறகு துண்டை உதறிப் படகு நிழலில் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

மீன் ஏலம் முடிந்த இடத்தில் கரும்பருந்துகள் பத்துப் பன்னிரண்டு இறங்கிச் சண்டையிட்டுக்கொண்டிருந்தன. எங்கும் கிடைக்கிற பறவை. குப்பை மேட்டுக்கு மேலே சுற்றுவது. வழக்கமாக அவள் லென்சை அந்தப் பக்கம் திருப்புவதுகூட இல்லை. அன்று வேறு ஒன்றும் இல்லாததால் திருப்பினாள். ஒன்று மற்றொன்றின் முதுகில் ஏறி மீன் குடலைப் பறித்தது. பறிகொடுத்தது கத்திக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்து, இறக்கையைச் சரிசெய்துகொண்டு, நேராகத் திரும்பி வந்து மறுபடி மோதியது. நாலு மணிவரை அவள் எடுத்துக்கொண்டே இருந்தாள். வெயில் கழுத்தில் எரிந்தது.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது தெருவில் குழாய்த் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அமுதவள்ளி குடங்களை உள்ளே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நெற்றியில் கோயில் விபூதி.

"கோயிலுக்குப் போயிருந்தேன்."

"என்னாத்துக்கு?"

"ராஜினாமா குடுக்க."

கொளஞ்சியம்மாள் பையைக் கீழே வைத்தாள். "என்னான்னு எழுதினீங்க?"

"எதிராளி அடங்கலன்னு எழுதினேன். அப்பிடியெல்லாம் யாரும் எழுதறதில்லம்மான்னு பக்கத்துல இருந்த ஆளு சொன்னான். உள்ளதத்தான எழுத முடியும்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து மடித்த வெள்ளைத் தாளையும் ஒரு பேனாவையும் எடுத்து வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தம்பியைப் பார்த்தாள்.

"அந்த நல்லூர்க்காரி முழுப்பேரு என்னாடா? புருஷன் பேரோட சொல்லு."

திருமால் சொன்னான். அவள் நிதானமாக எழுதினாள். பேனாவை எடுக்காமலே, "பந்தல்ல நின்னவங்கள்ல எத்தினி பேரு எழுதலாம்?" என்று கேட்டாள்.

"என் பேரும் வருமா அக்கா?"

"மொத பேரே ஒன்னுதுதான். கம்முனு படு."

கொளஞ்சியம்மாள் போனை எடுத்து, நாளைக்கு மத்தியானத்துக்கு மேல்தான் வருவேன் என்று ஆலைக்குச் சொன்னாள்.